ஹைவெல்ட் வெயிலில் பாயாகப் படரும் மலைச்செடிகள்: கல்தோட்டம் கட்ட ஆலோசனை தேவை

பதிவு 1 | லெனேசியா செல்வி

வணக்கம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில், ஹைவெல்ட் என்னும் தென்னாப்பிரிக்க மேட்டுச்சமவெளியில் எங்கள் வீடு. ஸ்டூப்புக்கு (வீட்டு முன்திண்ணைக்கு) எதிரே 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு கல்தோட்டம் கட்டவேண்டும். நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடம். அரையடிக்கு மேல் எழாமல் தரையோடு பாய் விரித்த மாதிரி படரும், வருடாவருடம் நிற்கும் மலைச்செடிகள்தான் வேண்டும். இப்போது அங்கே இருப்பது கிகூயு புல். அதன் கீழே மழை பெய்தால் செருப்பைப் பிடுங்குகிற சிவப்புக் களி. வடக்கு எல்லையில் 1.8 மீட்டர் உயர மதில். பாத்தி அதிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி வரும்.

இங்கிலாந்தில் அச்சான ஒரு புத்தகம் தெற்கு நோக்கிய சரிவு என்கிறது. ஒரு அடி ஆழம் தோண்டி அடியில் செங்கல் உடைசல் கொட்டச் சொல்கிறது. இங்கே நர்சரியில் ஆப்ரீட்டா, ஃப்ளாக்ஸ், தைம், டெலோஸ்பெர்மா எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து "ராக்கரி" என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக நடலாமா? செடி வாங்கும் முன் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த இழை.

பதிவு 2 | ஹைவெல்ட் கல்லடுக்கி

முதலில் திசை. நாம் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். நம் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. அந்தப் புத்தகத்தில் "தெற்கு" என்று வரும் இடமெல்லாம் "வடக்கு" என்று திருத்திப் படியுங்கள். மாதங்களையும் ஆறு தள்ளுங்கள். வடக்கு, அல்லது வடகிழக்கு பார்த்த சரிவு நல்லது. மேற்கு பார்த்தால் பிற்பகல் வெயில் கல்லைச் சுட்டு, அந்தச் சூடு செடியின் அடிப்பகுதியில் தங்கும்.

மதிலைப் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. ஜோஹன்னஸ்பர்க் பகுதியில் ஜூன் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 40 பாகைதான் ஏறும். 1.8 மீட்டர் மதிலின் நிழல் அப்போது ஏறக்குறைய 2.1 மீட்டர் நீளும். உங்கள் பாத்தி 2.5 மீட்டரில் தொடங்குவதால் நடுப்பகலில் தப்பிக்கிறது. காலையிலும் மாலையிலும் முன்விளிம்பு நிழலில் இருக்கும். அதனால் பெரிய பாதகமில்லை. டிசம்பரில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும், மதில் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்தது முக்கியம். களிமண்ணில் தோண்டாதீர்கள். ஒரு அடி தோண்டி அதில் எவ்வளவு நல்ல கலவையைப் போட்டாலும் நீங்கள் கட்டியது ஒரு குளியல்தொட்டி. சுற்றியுள்ள களி நீரை விடாது. ஜனவரி இடிமழை நாலு நாள் தொடர்ந்தால் வேர் அந்தத் தொட்டியில் ஊறும். களியின் மேல்பரப்பை மட்டும் கவைமண்வெட்டியால் 10 செ.மீ. குத்திக் கிளறிவிட்டு, மேலே எழுப்பிக் கட்டுங்கள். பின்பக்கம் 45 செ.மீ., முன்பக்கம் 15 செ.மீ. 1.2 மீட்டர் அகலத்தில் இது நாலுக்கு ஒன்று சரிவு. இதற்கு மேல் செங்குத்தாக்கினால் முதல் மழையிலேயே ஜல்லிச் சில்லுகள் நடைபாதைக்கு வந்துவிடும்.

பதிவு 3 | சாட்ஸ்வொர்த் மண்

அண்ணே, தோண்டவேண்டாம் என்பது சரி. ஆனால் அடியில் செங்கல் உடைசல் போடுவதில் என்ன தப்பு? பூந்தொட்டியில் ஓட்டாஞ்சில்லு போடுவது நம் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறதே. தண்ணீர் இறங்க இடம் வேண்டாமா?

பதிவு 4 | மாரிட்ஸ்பர்க் முத்து

ஓட்டாஞ்சில்லு தொட்டியின் துளை அடைபடாமல், மண் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும். வடிகாலைக் கூட்டாது. பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை நீரில் முக்கிக் கிடையாகத் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதே பஞ்சைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான்: நுண்ணிய துளைகள் நீரைப் பிடித்துக்கொள்ளும், மேலே போதிய உயரம் இருந்தால்தான் எடை அழுத்தி நீர் கீழே வழியும். நுண்மண்ணுக்கு அடியில் பெரிய இடைவெளிகள் உள்ள உடைசல் வந்தால், மண் முழுக்க நனைந்து தெவிட்டும் வரை நீர் அந்த எல்லையைத் தாண்டாது. ஈரப்பட்டை உடைசலின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். 30 செ.மீ. பாத்தியில் 15 செ.மீ. உடைசல் போட்டால், அந்த ஈரப்பட்டையை நீங்களே தூக்கி வேருக்கு நடுவில் வைத்ததாகிறது.

ஆகவே அடுக்கு வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை. இன்னொன்று, பழைய செங்கலில் ஒட்டியிருக்கும் சாந்தில் சுண்ணாம்பு உண்டு. தைமும் ஆப்ரீட்டாவும் அதைப் பொருட்படுத்தா. ஆனால் நம் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் செல்லப்பிள்ளையான ரோடோஹைபாக்ஸிஸ் சுண்ணாம்பில் இலை வெளுத்து வீணாகும்.

பதிவு 5 | ஹைவெல்ட் கல்லடுக்கி

முத்து ஐயா சொன்னதோடு கணக்கையும் வைக்கிறேன். கலவை, கொள்ளளவுப்படி:

6.7 மி.மீ. ஜல்லி 4 பங்கு, கரடான ஆற்று மணல் 3 பங்கு, சலித்த தோட்டமண் 2 பங்கு, மட்கிய மரப்பட்டை உரம் 1 பங்கு.

உங்கள் பாத்தி 3 × 1.2 × சராசரி 0.3 = 1.08 கன மீட்டர். இதில் கால்பங்கைப் பெரிய கற்கள் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 0.8. ஆனால் ஜல்லியின் இடுக்குகளில் மணல் போய் ஒளிந்துகொள்வதால் கலந்தபின் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால் கலக்கும் முன் 1 கன மீட்டர் பொருள் வேண்டும். 65 லிட்டர் தள்ளுவண்டியில் அளந்தால் ஜல்லி 6 வண்டி, மணல் நாலரை, மண் 3, உரம் ஒன்றரை. ஜல்லி மட்டுமே ஏறக்குறைய 600 கிலோ வரும். அரை டன் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஒரே நடையாக ஏற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள், இரண்டு நடை.

கட்டடக்காரர்கள் பூச்சுக்கு வாங்கும் மணல் வேண்டாம். பொடி அதிகம், சிமெண்டு போல இறுகும். வாங்குமுன் சோதனை: கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணல், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். நல்ல மணல் உடனே படியும், மேல்நீர் சில நிமிடத்தில் தெளியும். கால்மணி கழித்தும் தேநீர் நிறத்தில் கலங்கி நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுரங்க மேடுகளின் வெளிர்மஞ்சள் மணலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் தொடவே வேண்டாம். தங்கத்தாதுவோடு வந்த பைரைட் அதில் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகும். யுரேனியமும் பிற கன உலோகங்களும்கூட அந்த மேடுகளில் உண்டு. கடற்கரை மணலும் ஆகாது, உப்பு.

பதிவு 6 | சாட்ஸ்வொர்த் மண்

பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன் ஐயா. சொட்டுகிறது. தோற்றேன்.

பதிவு 7 | லெனேசியா செல்வி

கணக்குக்கு நன்றி அண்ணா. செடிப் பட்டியலைச் சொல்லுங்கள். எது நிற்கும், எது போகும்?

பதிவு 8 | மாரிட்ஸ்பர்க் முத்து

செடியைத் தேர்வதற்கு முன் அதன் சொந்த ஊரில் எப்போது மழை என்று பாருங்கள். இந்தப் பகுதிக் கல்தோட்டங்களில் செடி சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல. வெப்பமான மாதத்தில் வேர்க்கழுத்தில் (தண்டும் வேரும் சேரும் இடத்தில்) நிற்கும் நீரால் அழுகிச் சாகும். ஹைவெல்டில் ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்டு கடும் வறட்சி. ஐரோப்பிய மலைச்செடிக்குப் பழக்கம் நேர் எதிர்: குளிர்காலம் பனிப்போர்வைக்குள் தூக்கம், வசந்தத்தில் பனியுருகிய நீர், கோடையில் இரவானால் குளிர்ச்சி. இங்கே அதற்குப் போர்வையில்லாத வறண்ட குளிர்காலமும் வெந்நீர் மாதிரிக் கோடைமழையும் கிடைக்கிறது.

நம் டிராக்கன்ஸ்பர்க்கின் மழை நாட்காட்டி ஹைவெல்டின் நாட்காட்டியேதான். சானி கணவாயின் உச்சி ஏறக்குறைய 2,870 மீட்டர். லெசோத்தோவுக்குள் தபானா ந்ட்லென்யானா 3,482 மீட்டர். அங்கே கோடையில் மழை, குளிர்காலத்தில் உறைபனியும் வறட்சியும். அங்கிருந்து வந்தவைதான் உங்கள் பாத்தியின் முதுகெலும்பு.

டெலோஸ்பெர்மா நூபிஜெனம்: மஞ்சள் பூ, 5 செ.மீ. உயரம், வெளிர்பச்சைச் சதையிலை. குளிரில் இலை செம்பு நிறமாகும், அது நோயல்ல. ஒரு செடி 40 செ.மீ. வட்டம் மூடும். ஃபெய்கி என்னும் சதையிலைச் செடி இனத்திலேயே குளிர் தாங்குவதில் முன்வரிசை. அமெரிக்காவில் டென்வர் தாவரவியல் பூங்காவின் பனயோட்டி கெலைடிஸ் டெலோஸ்பெர்மாக்களை அங்கே பரப்பியபின்தான் வெளியுலகம் இவற்றைக் கவனித்தது. நம் மலைச்செடி சுற்றிவந்து நம் நர்சரியிலேயே வெளிநாட்டுப் பெயர்ச்சீட்டோடு நிற்பதும் உண்டு!

டெலோஸ்பெர்மா கூப்பெரி: ஊதாச்சிவப்புப் பூ, 10 முதல் 15 செ.மீ. உயரம். அழகு, ஆனால் முரடு. 60 செ.மீ. இடம் கொடுங்கள், சின்னச் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டாம் கோடையில் அவற்றை விழுங்கிவிடும்.

டயாந்தஸ் பசூட்டிகஸ்: லெசோத்தோவின் காட்டுப் பிங்க். நீலப்பச்சைப் புல்கற்றை போன்ற அடர்ந்த பாய். 25 செ.மீ. இடைவெளி.

ரோடோஹைபாக்ஸிஸ் பாவுரி: 8 முதல் 10 செ.மீ. உயரம், வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பில் ஆறிதழ் நட்சத்திரம். இதை மட்டும் சரிவின் அடிவாரத்தில் வையுங்கள். வளரும் காலத்தில் ஈரம் வேண்டும், தூங்கும் காலத்தில் வறட்சி வேண்டும். அந்த இடத்தில் கலவையில் பட்டை உரத்தை இரட்டிப்பாக்கி, ஜல்லியை ஒரு பங்கு குறையுங்கள். கிழங்குகளை 3 செ.மீ. ஆழம், 8 செ.மீ. இடைவெளி. மே மாதம் இலை முழுக்க மறைந்துவிடும். செத்துவிட்டதென்று அந்த இடத்தைக் கிளறுவது பலரும் செய்யும் தவறு. ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்டு கடைசியில் தோண்டிப் பிரிக்கலாம்.

ஹெலிக்ரைசம் மில்ஃபோர்டியே: வெள்ளிக்கம்பளிப் பாய், மொட்டின் வெளிப்புறம் கருஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. அடம்பிடிக்கும் செடி. தட்டையான இடத்தில் அந்தக் கம்பளி மழைநீரைக் குடித்து இரண்டு நாளில் கறுக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே செங்குத்தான பிளவில் வைத்தால் நிற்கும். முதல் வருடம் வாங்கவேண்டாம் என்பேன்.

வெளியூர்ச் செடிகளில் ஃப்ளாக்ஸ் சுபுலாட்டா தாராளமாக நடலாம். அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் செடி, கோடைமழை அதற்குப் புதிதல்ல. தைமும் சரி, மேல்விளிம்பில் காய்ந்த இடத்தில். ஆப்ரீட்டா செப்டம்பரில் கண்ணைப் பறிக்கும். பிப்ரவரியில் நடு கறுத்துப் போகும். ஒரு பருவப் பூவாக எண்ணி வாங்கினால் ஏமாற்றமில்லை.

மலைக்குப் போகும்போது ஒரு கொத்துப் பிடுங்கிவரும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். மலோட்டி டிராக்கன்ஸ்பர்க் பூங்கா 2000 முதல் உலக மரபுக்களம். அங்கே செடி எடுப்பது குற்றம். அதோடு காட்டில் பிடுங்கிய பாய்ச்செடி அநேகமாகப் பிழைக்காது. வேர் ஒரு முழம் பாறைக்குள் போயிருக்கும், கையில் வருவது மேல்தோல்தான்.

பதிவு 9 | கேப் தெற்குக்காற்று

கேப் டவுனிலிருந்து படிப்பவர்கள் முத்து ஐயாவின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குக் குளிர்காலத்தில் மழை. டிராக்கன்ஸ்பர்க் செடி காய்ந்து தூங்கவேண்டிய ஜூலையில் இங்கே நனைந்துகொண்டிருக்கும். ரோடோஹைபாக்ஸிஸ் வேண்டுமென்றால் தொட்டியில் வைத்து, மே முதல் ஆகஸ்டு வரை கூரையடியில் தள்ளிவிடுங்கள்.

இங்கே தரையில் பாய் என்றால் டைமோண்டியா மார்கரெட்டே. அகுல்யாஸ் முனைப் பக்கத்துச் சமவெளிச் செடி, மலைச்செடியல்ல; ஆனாலும் 3 செ.மீ. உயரத்தில் கல்லிடுக்கை நிரப்ப அதைவிடத் தோதானது இல்லை. தண்ணீர் போதாவிட்டால் இலை ஓரம் சுருண்டு அடிப்புற வெள்ளை தெரியும். பாய் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறினால் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு வருடத்தில் மூடும். இது ஹைவெல்டிலும் வரும், ஆனால் கடும் உறைபனியில் மேலிலை கருகும்.

பதிவு 10 | சாட்ஸ்வொர்த் மண்

எங்கள் டர்பன் பக்கம் டெலோஸ்பெர்மா நூபிஜெனம் நிற்குமா? வடிகால் நன்றாகக் கொடுத்தால்?

பதிவு 11 | மாரிட்ஸ்பர்க் முத்து

வடிகால் பாதிதான் காப்பாற்றும் தம்பி. மீதிப் பாதி இரவு. பகலில் செடி சர்க்கரை தயாரிக்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு செலவு. ஜோஹன்னஸ்பர்க்கில் ஜனவரி இரவு 15 பாகை அளவுக்கு இறங்கும். டர்பனில் பிப்ரவரி இரவு பெரும்பாலும் 20 பாகைக்கு மேலேயே நிற்கும். மலைச்செடியின் வரவும் செலவும் அங்கே ஒத்துவராது. நீண்டு வெளிறி, காற்று ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கடலோரத்துக்கு அங்கேயே பிறந்ததை எடுங்கள். கசானியா ரிஜென்ஸின் யூனிஃப்ளோரா வகை உங்கள் கடற்கரை மணல்மேட்டிலேயே மஞ்சள் பூவோடு பாயாகக் கிடக்கிறது. ஆப்டீனியா இன்னொன்று, சின்னச் சிவப்புப் பூ, கிள்ளிப்போட்டாலும் பிழைக்கும். டர்பனின் பெரியா மேட்டுச் செம்மணலில் கட்டுவதானால் மழை அரிப்புக்கு முன்பக்கம் கல் நெருக்கமாக வேண்டும். அந்த மணல் நுண்ணியது, ஓடும்.

பதிவு 12 | நியூகாசில் புல்வெட்டி

எல்லாரும் செடியைப் பேசுகிறீர்கள். கிகூயுவை யார் பேசுவது? செல்வி அக்காவின் கல்தோட்டத்தை முடிக்கப்போவது மழையல்ல, அந்தப் புல்தான். பாய்ச்செடிக்குள் நுழைந்துவிட்டால் பிடுங்கும்போது பாயும் சேர்ந்து வரும்.

கட்டுவதற்கு முன்பே கொல்லவேண்டும், அது பச்சையாக வளரும்போது. உறைபனி பட்டுப் பழுப்பான புல்லில் ஜூலையில் கிளைஃபோசேட் களைக்கொல்லி அடிப்பது தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். இலை மருந்தை உறிஞ்சி வேர்த்தண்டுக்கு இறக்காது. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அடியுங்கள். நாலு வாரம் கழித்து மறுபடி தளிர்ப்பதற்கு இன்னொரு முறை. மருந்து வேண்டாமென்பவர்கள் 20 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, வெள்ளைத் தண்டை ஒவ்வொரு கணுவாகப் பொறுக்கவேண்டும். ஒரு கணு தங்கினால் ஒரு புல்வெளி.

பிறகு பாத்தியைச் சுற்றி 20 செ.மீ. ஆழத்துக்குத் தகடோ கல்லோ பதித்து, 5 செ.மீ. மேலே தெரியும்படி விடுங்கள். அதன்மேலும் ஓடுதண்டு ஏறும்; கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரம் வெட்டாமல் முடியாது. களைத்துணியைக் கலவைக்கு அடியில் விரிக்காதீர்கள். நுண்மண் அதன் துளையை அடைக்கும், கிகூயு அதன்மேலேயே நடக்கும்.

கோரைக்கிழங்கு இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். புல்லை மட்டும் கொல்லும் மருந்து கோரையைத் தொடாது, அது புல்லினமே அல்ல. வாங்கும் தோட்டமண்ணில்தான் அது வீட்டுக்குள் வரும். மண்ணைக் கொட்டி இரண்டு வாரம் ஈரமாக வைத்து, முளைக்கிறதா என்று பார்த்தபின் கலவுங்கள்.

பதிவு 13 | ஹைவெல்ட் கல்லடுக்கி

புல்வெட்டி சொன்னதை முதல் வேலையாக வையுங்கள். அதன்படி இந்தக் கோடையில் புல்லை அழித்து, குளிர்காலத்தில் கல்லடுக்கி, கலவை படிய விட்டு, செப்டம்பரில் நடவு.

கல்: ஒரே வகை. அங்கே எளிதாகக் கிடைக்கும் குவார்ட்சைட் போதும். மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதையவேண்டும். மேலே உட்காரவைத்த கல் உருளைக்கிழங்கு கொட்டிய மாதிரி இருக்கும், ஏறி நின்றால் ஆடும். மேல்முகம் பின்பக்கம் லேசாகச் சாயட்டும். அப்போதுதான் மழைநீர் கல்லின் முதுகில் ஓடிப் பின்னாலுள்ள வேருக்குப் போகும். முன்பக்கம் சாய்த்தால் நீர் கீழ்ச்செடியின் தலையில் கொட்டும். கோடுகள் எல்லாக் கல்லிலும் ஒரே திசையில். கல் வெறும் அலங்காரமில்லை: அடியில் மண் குளிர்ந்து ஈரம் காக்கும், வேர் அங்கேதான் ஓடிப் போய்ப் படுக்கும்.

நடவு: நர்சரிச் செடி பட்டைத்தூளில் வளர்ந்திருக்கும். அதை அப்படியே ஜல்லிக் கலவையில் வைத்தால் வேர்ப்பந்து தனியாக ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வேர் வெளியே வராது. அல்லது ஒருமுறை காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் நனையாது. வாளித் தண்ணீரில் முக்கி, பழைய தூளில் பாதிக்கு மேல் அலசிவிடுங்கள். வேரை விரித்து, வேர்க்கழுத்து கலவைக்கு 2 செ.மீ. மேலே நிற்கும்படி நடுங்கள். அந்த 2 செ.மீ. உயரத்தை 6.7 மி.மீ. ஜல்லியால் நிரப்புங்கள், கழுத்தைச் சுற்றி உள்ளேயும் தள்ளி. இந்தச் சில்லுக் காலர்தான் அழுகலுக்கு எதிரான பெரிய காவல். மரப்பட்டைத் துண்டுகளை மேலே போடுவது இங்கே எல்லாரும் செய்வது. பாய்ச்செடிக்கு அது ஈரத்துணி போர்த்தியது போல.

3.6 சதுர மீட்டருக்கு: நூபிஜெனம் 5, கூப்பெரி 2, பசூட்டிகஸ் 4, தைம் 4, ஃப்ளாக்ஸ் 3, ரோடோஹைபாக்ஸிஸ் 25 கிழங்கு. முதல் வருடம் வெறிச்சென்று இருக்கும். நெருக்கி நடாதீர்கள்.

பதிவு 14 | லெனேசியா செல்வி

தண்ணீர், உரம் எப்படி? வீட்டில் 2:3:2 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) ஒரு மூட்டை இருக்கிறது, புல்வெளிக்கான எல்.ஏ.என். (சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட்) உரமும் இருக்கிறது.

பதிவு 15 | ஹைவெல்ட் கல்லடுக்கி

எல்.ஏ.என். பக்கத்திலேயே வரக்கூடாது. அத்தனை தழைச்சத்து கொடுத்தால் செடி இலையும் நீரும் பருத்துப் பொதபொதவென்று எழும்பும். பாய் குலைந்து, பூ குறைந்து, முதல் உறைபனியில் கூழாகும். புல்வெளிக்குப் போடும்போதும் மேடான பக்கத்திலிருந்து கரைந்து பாத்திக்குள் வராதபடி பாருங்கள்.

2:3:2 நடவின்போது போதும், குழிக்கு ஒரு சிட்டிகை. பிறகு வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், 3:1:5 (26) மெதுவாகக் கரையும் வகை சதுர மீட்டருக்கு 15 கிராம். அடைப்புக்குறியிலுள்ள 26 மொத்தச் சத்தின் விழுக்காடு. அதை 3, 1, 5 என்று பங்கிட்டால் தழைச்சத்து 9 விழுக்காட்டுக்கும் குறைவு. சாம்பல்சத்துதான் அதிகம், நமக்கு வேண்டியதும் அதுவே. ரோடோஹைபாக்ஸிஸுக்கு மட்டும் நவம்பரில் அரைப் பங்கு கூடுதலாகத் தரலாம்.

தண்ணீர்: நட்ட மூன்று வாரம், வாரம் இரண்டு முறை. பிறகு மழை பிடிக்கும் வரை வாரம் ஒரு முறை, 20 செ.மீ. ஆழம் நனையும்படி. மழை தொடங்கியபின் குழாயை மறந்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை டெலோஸ்பெர்மாவுக்கு மாதம் ஒருமுறை, தைம், ஃப்ளாக்ஸ், பசூட்டிகஸுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்குப் பிறகு. மாலையில் ஊற்றினால் இரவில் கழுத்தருகே உறையும். ரோடோஹைபாக்ஸிஸுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

பதிவு 16 | நியூகாசில் புல்வெட்டி

இன்னொரு சந்தேகம். மூன்று, நாலு வயதுத் தைமிலும் ஃப்ளாக்ஸிலும் நடு மட்டும் காய்ந்து மொட்டையாகி, ஓரம் பச்சையாக நிற்கிறதே, அது பூச்சியா?

பதிவு 17 | மாரிட்ஸ்பர்க் முத்து

பூச்சி அபூர்வம். பாய் வெளிப்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும். நடுத்தண்டு மரமாகி, மழை சில்லுகளை அடித்துக்கொண்டு போனபின் அந்தரத்தில் தொங்கும், புது வேர் இறங்க மண் தொடாது. செப்டம்பரில் காய்ந்த தண்டை நீக்கி, அதே கலவையை விரலால் பாயின் நடுவில் திணித்து, 2 செ.மீ. உயரும்வரை நிரப்புங்கள். ஆறு வாரத்தில் தண்டிலிருந்து வேர் விடும். வருடாவருடம் செய்தால் மொட்டையே விழாது.

கத்தரிப்பதிலும் கவனம். பூ முடிந்ததும் தைமில் மூன்றில் ஒரு பங்கு, ஃப்ளாக்ஸில் பாதிவரை வெட்டலாம். இலையில்லாத மரத்தண்டுவரை தைமை வெட்டினால் அது திரும்பத் தளிர்க்காது.

பூச்சியா என்று உறுதிசெய்ய: எறும்பு வரிசை செடியின் அடியில் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஓரத்தை மெதுவாகத் தூக்குங்கள். வேரில் வெள்ளைத்தூள் மாதிரி இருந்தால் வேர் மாவுப்பூச்சி. அந்தச் செடியைக் கலவையோடு அள்ளி எறிந்துவிட்டு, நுனித்தண்டுகளைக் கழுவிப் புதிதாக வேரூன்ற வையுங்கள்.

ஆலங்கட்டி மழையைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தட்டையான பாய் தாங்கும். டெலோஸ்பெர்மா இலை நசுங்கினால் அந்தக் காயம் காய ஐந்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். உடைந்து சிதறிய துண்டுகளைப் பொறுக்கி நடுங்கள், இலவசச் செடி.

பதிவு 18 | கேப் தெற்குக்காற்று

டெலோஸ்பெர்மா விதையிலிருந்து வருமா? காய் கல்லு மாதிரி மூடிக்கிடக்கிறது, நசுக்கினால் விதையும் பொடியாகிறது.

பதிவு 19 | மாரிட்ஸ்பர்க் முத்து

நசுக்காதீர்கள். அந்தக் காய் ஈரம் பட்டால்தான் திறக்கும். மழைத்துளி விழும் வேகத்தில் விதை தெறிக்கும், காய்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். வறண்ட ஊர்ச் செடியின் சாமர்த்தியம் அது. காய்ந்த காய்களை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். சில நிமிடத்தில் பூப்போல விரியும். சின்னத் தூரிகையால் தடவினால் விதை தட்டின் அடியில் படியும். காபி வடிக்கும் தாளில் வடித்து, நுண்மணலின் மேல் தூவுங்கள். மண் மூடவேண்டாம், வெளிச்சம் படட்டும். தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து நனையுங்கள்.

ஆனால் அவசரமென்றால் தண்டு போதும். 5 செ.மீ. நுனி, கீழிலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் உலர இரண்டு நாள் நிழலில், பிறகு மணலில் செருகி லேசான ஈரம். இரண்டு, மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஈரக்காயத்தோடு செருகினால் அழுகும்.

பதிவு 20 | லெனேசியா செல்வி

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தை மூடிவிட்டேன், முதலில் புல். கடைசியாக ஒன்று: எங்கள் தெருவில் ஹடீடா பறவைகள் கூட்டமாக இறங்கிப் புதுப் பாத்திகளைக் குத்திக் கிளறுகின்றன. நட்ட செடியைக் கவிழ்த்துவிடாதா?

பதிவு 21 | ஹைவெல்ட் கல்லடுக்கி

கவிழ்க்கும். செடிமேல் கோபமில்லை, அதற்குப் புழு வேண்டும். ஈரமாகக் கிளறிய மண்ணில் நீண்ட அலகு சுலபமாக இறங்குகிறது. 25 மி.மீ. கண்ணுள்ள கோழிவலையைப் பாத்தியின் மேல் தட்டையாக விரித்து, ஓரங்களைக் கல்லால் அழுத்துங்கள். செடி வரும் இடத்தில் கத்தரியால் ஒரு கூட்டல் குறி வெட்டி, கூர்முனைகளைக் கீழே மடக்குங்கள். அதற்கு மேல் சில்லுகளைப் பரப்பினால் வலை கண்ணில் படாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் செடியை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் வலையை எடுத்துவிடலாம். அதற்கு மேல் விட்டால் தைம் வலைக்குள் வேர்விட்டுப் பின்னிக்கொள்ளும், எடுக்கும்போது பாயே கிழியும்.